ஃபியூஸ் பெட்டியை மாற்றும்போது: 4 ஸ்கொயரா, 6 ஸ்கொயரா?

கடலூர் முதுநகரில் எங்கள் வீட்டுப் பழைய ஃபியூஸ் கட்டைகளைக் கழற்றியபோது, மெயின் ஒயரின் முனை பச்சை பூத்திருந்தது. லேசாக வளைத்ததும் இன்சுலேஷன் அப்பளம் போல நொறுங்கியது. பச்சைக்குக் காரணம் உப்புக்காற்று. பெட்டியை மட்டும் மாற்றலாம் என்றிருந்தோம். அதைப் பார்த்த பிறகு மனசு வரவில்லை.

மீட்டரிலிருந்து புதிய டிபி (வீட்டுக்குள் கரண்டைப் பிரித்து அனுப்பும் பெட்டி) வரை 4 ஸ்கொயர் எம்.எம். (செம்பின் குறுக்குவெட்டுப் பரப்பு) செம்பு ஒயரா, 6-ஆ? 4 மலிவு, பைப்பில் சுலபமாக நுழையும். பைப்புக்குள் போகும் பிவிசி ஒயர் என்றால் 30 டிகிரியில் சுமார் 32 ஆம்பியர் தாங்கும். நம் ஊர் கத்திரி வெயிலில், 40 டிகிரியில், 28 தான். 6 ஸ்கொயர் அந்த வெயிலிலும் 35 தாங்கும்.

கணக்குப் பாருங்கள்: ஒன்றரை டன் ஏசி 8 ஆம்பியர், 2 கிலோவாட் கீசர் 9, 1 ஹெச்பி மோட்டார் 5, அயர்ன்பாக்ஸ் 4. காலையில் எல்லாம் ஒன்றாக ஓடினால் 26. ஃபிரிட்ஜ், மிக்ஸி தனி. மோட்டார் கிளம்பும் நொடியில் இன்னும் பல மடங்கு இழுக்கும்.

4 போட்டால் மெயின் எம்சிபி (கரண்ட் அளவு மீறினால் தானாக விழுந்து இணைப்பைத் துண்டிக்கும் ஸ்விட்ச்) 25 ஆம்பியருக்கு மேல் கூடாது. அடிக்கடி விழுகிறதே என்று பிறகு யாராவது 32 மாட்டிவிட்டால், எம்சிபி விழாமலே ஒயர் சூடேறிக்கொண்டிருக்கும். எனக்குப் பயமே அதுதான். ஏசி, கீசர் இல்லாத சின்ன வீட்டுக்கு 4 தாராளம். மற்ற வீடுகளுக்கு 6-ம் 32 எம்சிபியும் போடுங்கள்.

மெயினை அணைத்தாலும் மீட்டர் பக்கம் கரண்ட் இருக்கும். மின்வாரியத்தில் சொல்லி சப்ளையை நிறுத்திய பிறகே, லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியனைத் தொடச் சொல்லுங்கள்.