இண்டிகேட்டர் கோளாறு: டெஸ்ட் லாம்ப்பா, மீட்டரா, சாமானை மாற்றிப் பார்ப்பதா?

செட்டிநாட்டில் ஓடித் தேய்கிற வண்டிகளைவிட நின்றே கெடுகிற வண்டிகள் அதிகம் என்று தோன்றுகிறது. கானாடுகாத்தான், பள்ளத்தூர், கோட்டையூர் பக்கம் பூட்டிக் கிடக்கும் பெரிய வீடுகளின் ஷெட்டில் ஒரு அம்பாசிடரோ பத்மினியோ, இல்லை வயதான மாருதியோ நிற்கும். சென்னையிலிருந்தோ மலேசியாவிலிருந்தோ வீட்டுக்காரர்கள் கல்யாணத்துக்கும் படைப்புக்கும் வந்தால்தான் வெளியே எடுப்பார்கள். பேட்டரி மாற்றி, டயருக்குக் காற்றடித்தால் ஸ்டார்ட் ஆகிவிடும். இண்டிகேட்டரைப் போடும்போதுதான் வண்டி தன் குணத்தைக் காட்டும். இடப்பக்கம் படபடவென்று துடிக்கும். வலப்பக்கம் போட்டால் டெயில் லாம்ப்பும் சேர்ந்து சிமிட்டும். இல்லையென்றால் எதுவுமே எரியாது.

கோளாறைத் தேட நம் ஊரில் மூன்று வழி நடக்கிறது. பழைய ஆட்டோ எலக்ட்ரீசியன்கள் டெஸ்ட் லாம்ப்பை, அதாவது கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கும் வயர் மாட்டிய பல்பை, எடுப்பார்கள். வீடியோ பார்த்துப் பழகிய பையன்கள் மல்டிமீட்டரை எடுப்பார்கள். மற்றவர்கள் நேரே சாமான் கடைக்குப் போய் ஃபிளாஷர், அதாவது இண்டிகேட்டரைச் சிமிட்ட வைக்கும் சாமான், வாங்கி வருவார்கள். நின்று கெட்ட வண்டிக்கு நான் டெஸ்ட் லாம்ப் கட்சி. மீட்டர் வேண்டாம் என்பதல்ல, அது இரண்டாவதாக வரவேண்டும்.

எந்தக் கருவியையும் தொடுவதற்கு முன், நாலு இண்டிகேட்டரையும் ஒன்றாகச் சிமிட்ட வைக்கும் ஹசார்டு சுவிட்சைப் போட்டுப் பாருங்கள். பெரும்பாலான கார்களில் அதற்குக் கரண்ட் சாவியைச் சாராமல் பேட்டரியிலிருந்து தனியாக வருகிறது. ஹசார்டில் நாலு பக்கமும் ஒழுங்காகச் சிமிட்டி, இண்டிகேட்டரில் மட்டும் எரியாவிட்டால் பல்பும் எர்த்தும் (கரண்ட் வண்டியின் பாடி வழியாக பேட்டரிக்குத் திரும்பும் இணைப்பு) பின்பக்க வயரும் நன்றாக இருக்கின்றன. பார்க்க வேண்டியது சாவி வழியாக வரும் ஃபியூஸும் ஸ்டியரிங் பக்கத்து சுவிட்சும்தான். பாதி வேலை இதிலேயே முடிந்துவிடும். ரொம்பப் பழைய வண்டிகளில் இந்த சுவிட்சே இருக்காது, அது வேறு விஷயம்.

இனி டெஸ்ட் லாம்ப்பையும் மீட்டரையும் பக்கத்தில் வைத்துப் பார்ப்போம். கார் இண்டிகேட்டர் பல்ப் பொதுவாக 21 வாட். 12 வோல்ட்டில் அது இழுப்பது சுமார் 1.75 ஆம்பியர். டிஜிட்டல் மீட்டர் இழுப்பதோ மைக்ரோ ஆம்பியர் கணக்கில். வித்தியாசம் இங்கேதான் இருக்கிறது. வழியில் ஒரு கப்ளருக்குள், அதாவது வயர்களை இணைக்கும் பிளக்குக்குள், பச்சைக் களிம்பு பிடித்து 5 ஓம் தடை உண்டாகியிருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தால் முழு 12 வோல்ட் காட்டும். ‘கரண்ட் வருது, பல்ப்தான் போச்சு’ என்று புது பல்ப் போடுவீர்கள். அது கருக்கலில் வைத்த அகல் மாதிரி மங்கலாக எரியும், ஏனென்றால் கரண்ட் ஓட ஆரம்பித்ததும் பாதி வோல்டேஜ் அந்தக் களிம்பிலேயே போய்விடுகிறது. மீட்டர் பொய் சொல்லவில்லை. கரண்ட் ஓடாதபோது இருந்த நிலையைச் சொன்னது, அவ்வளவுதான். ஒரே ஒரு இழையில் தொங்கிக்கொண்டிருக்கும் வயரும் மீட்டரை இப்படியே ஏமாற்றும்.

டெஸ்ட் லாம்ப் கரண்டை உண்மையாகவே இழுத்துப் பார்க்கிறது. ஆனால் கடையில் விற்கும் பேனா மாதிரி டெஸ்டரில் இருப்பது சின்ன பல்ப், சிலவற்றில் எல்இடி. எல்இடி இழுப்பது மிகக் குறைவு, அதனால் மீட்டரின் குறை அதற்கும் உண்டு. நானே செய்துகொள்வதைத்தான் சொல்வேன்: ஒரு பழைய ஹோல்டர், 21 வாட் பல்ப், இரண்டு நீள வயர், ஒரு முனையில் முதலைக் கிளிப், மறுமுனையில் கோணி ஊசி. நிஜ இண்டிகேட்டர் எவ்வளவு சுமையோ அவ்வளவு சுமை இதுவும் தரும். கிளிப்பை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, ஃபியூஸ், ஃபிளாஷர், சுவிட்ச், ஹோல்டர் என்று வரிசையாகக் குத்திக்கொண்டே போனால், எங்கே மங்குகிறதோ அதற்கும் முந்தைய இடத்துக்கும் நடுவில்தான் கோளாறு.

இன்னொரு வசதியும் உண்டு. இண்டிகேட்டர் நிமிஷத்துக்கு 60 முதல் 120 தடவை சிமிட்டும். டிஜிட்டல் மீட்டரில் எண் நிலைக்கவே நிலைக்காது. 3, 11, 0, 7 என்று ஓடும். லாம்ப் கூடவே சிமிட்டும், பார்த்தாலே புரியும். மீட்டர்தான் வேண்டுமென்றால் ஃபிளாஷரைக் கழற்றி, சாக்கெட்டில் வரும் முனையையும் போகும் முனையையும் ஒரு துண்டு வயரால் இணையுங்கள். பழைய லூக்காஸ் கம்பெனி வகையில் இவற்றின் மேல் பி, எல் என்று இருக்கும். பல ஃபிளாஷர்களில் 49, 49ஏ. சிமிட்டாமல் நின்று எரியும், எண்ணும் நிற்கும். அப்படி இணைத்ததும் எல்லாம் பளிச்சென்று எரிந்தால் கோளாறு ஃபிளாஷரில்தான்.

எர்த்தைப் பார்ப்பதில் மீட்டர்தான் ஜெயிக்கும், அதில் வாதமே இல்லை. டெயில் லாம்ப் சேர்ந்து சிமிட்டுகிறது என்றால் இண்டிகேட்டர் கரண்ட் பாடிக்குப் போக வழியில்லாமல் பக்கத்து பல்ப் வழியாகச் சுற்றிப் போகிறது. லாம்ப் வைத்துப் பார்த்தால் ‘எர்த் சரியில்லை’ என்பதுவரை தெரியும், எந்த மூட்டில் என்று தெரியாது. மீட்டரை 20 வோல்ட் டிசியில் வைத்து, கறுப்பு முனையை பேட்டரி நெகட்டிவில் மாட்டி, பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே சிவப்பு முனையை ஹோல்டர் உடம்பில் வையுங்கள். 0.2 வோல்ட்டுக்குள் இருந்தால் நல்லது. இரண்டு மூன்று வோல்ட் காட்டினால், முனையை எர்த் வயரின் வளையத்துக்கும், அங்கிருந்து போல்ட்டுக்குப் பக்கத்துத் தகரத்துக்கும் நகர்த்துங்கள். எந்தத் தாண்டலில் எண் சட்டென்று விழுகிறதோ அந்த மூட்டுதான். எதையும் கழற்ற வேண்டாம். 10 ஆம்பியர் துளையில் வயர் செருகியிருக்கும்போது மட்டும் வோல்டேஜ் பார்க்கப் போகாதீர்கள். அது நேரடி ஷார்ட்.

மூட்டைக் கெடுப்பது பெரும்பாலும் துருதான். அரிமானத்தை, அதாவது உலோகம் துருப்பிடித்து அரிபடுவதை, ஆராய்கிற மத்திய மின்வேதியியல் ஆய்வகம், அழகப்பச் செட்டியார் நிலமும் பணமும் கொடுத்து, 1953-லிருந்து காரைக்குடியிலேயே இருக்கிறது. அதன் வாசலைத் தாண்டிப் போகும் கார்களின் எர்த் போல்ட்டை யாராவது கழற்றிப் பார்க்கலாம்.

அடுத்தது எலி. பூட்டிய வீட்டில் அது வயரைக் கடித்துத் தாமிரம் வெளியே தெரிந்தால், இண்டிகேட்டர் போட்டதும் ஃபியூஸ் போகும். மீட்டர் இதில் அவ்வளவு உதவாது. வண்டி அசையும்போது மட்டும் தொடுகிற ஷார்ட் அதன் கண்ணில் படாது. அந்தப் பக்கத்து பல்புகளைக் கழற்றிவிட்டு, அதே ஃபியூஸில் இருக்கும் மற்றவற்றையும் அணைத்துவிட்டு, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் நம்முடைய 21 வாட் பல்பை இணையுங்கள். ஷார்ட் இருந்தால் மட்டும் அது எரியும், வயர் கருகாது. ஒருவர் பல்பைப் பார்த்துக்கொண்டிருக்க, இன்னொருவர் டிக்கி கீல் பக்கத்திலிருந்து வயரிங்கை அசைத்துக்கொண்டே வரட்டும். ‘அண்ணே, எரியுது!’ என்று குரல் வரும் இடத்தில் டேப்பைப் பிரித்தால் போதும். ஃபியூஸ் மேல் ஃபியூஸாகப் போட்டு எரிப்பவர்களைப் பார்த்தால் எனக்கு எரிச்சல்தான் வரும்.

புது வண்டிகளில் கணக்கு மாறுகிறது. தனி ஃபிளாஷரே இல்லாமல், பாடி கண்ட்ரோல் யூனிட் என்கிற கம்ப்யூட்டர் பெட்டிதான் சிமிட்ட வைக்கிறது. டிக் டிக் சத்தம்கூட பல வண்டிகளில் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அங்கே கோணி ஊசியும் 21 வாட்டும் வேண்டாம், மீட்டர் மட்டும். மஞ்சள் நிறக் கப்ளர் என்றால் பெரும்பாலும் ஏர்பேக்; அதன் பக்கமே போகக்கூடாது.

சாமானை மாற்றிப் பார்ப்பதைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. வேகமாகத் துடிக்கிற இண்டிகேட்டருக்கு ஃபிளாஷர் வாங்குவது வீண் செலவு. ஒரு பல்ப் போனாலோ எல்இடி போட்டிருந்தாலோ சுமை குறைகிறது, ஃபிளாஷர் அதைக் கண்டுகொண்டு துடிக்கிறது. அது தன் வேலையைச் சரியாகத்தான் செய்கிறது. மாற்றத்தான் வேண்டுமென்றால் காசில்லாத மாற்று ஒன்று உண்டு: இடப்பக்க பல்பை வலப்பக்கம் போடுங்கள். கோளாறு கூடவே போனால் பல்ப், அங்கேயே இருந்தால் ஹோல்டரோ வயரோ. பைக்கில் மட்டும் மாற்றுவதில் நியாயம் உண்டு, ஃபிளாஷர் மலிவு, கைக்கு எட்டும் இடத்தில் இருக்கும். அப்போதும் ஐடிலில் சிமிட்டாமல் முறுக்கினால் சிமிட்டுகிறதா என்று பாருங்கள். அப்படியென்றால் பேட்டரி பலவீனம்.

பழைய வண்டியில் வயர் நிறத்தை நம்பலாமா? லூக்காஸ் முறையில் இடதுக்குப் பச்சையில் சிவப்புக் கோடு, வலதுக்குப் பச்சையில் வெள்ளைக் கோடு, எர்த் கறுப்பு. ஆனால் முப்பது வருஷத்தில் எத்தனை கை பட்டதோ, கிடைத்த நிறத்தில் ஒட்டுப் போட்டிருப்பார்கள். குத்திப் பார்த்துவிட்டே நம்புங்கள்.

எர்த்தான் என்று தெரிந்த பிறகும் இரண்டு வழி இருக்கிறது. பழைய போல்ட்டைக் கழற்றி, தகரம் வெள்ளையாகத் தெரியும்வரை உப்புத்தாளால் தேய்த்து, இறுக்கியபின் மேலே வாசலின் தடவுவது ஒன்று. டிக்கியிலிருந்து புது எர்த் வயர் இழுப்பது இன்னொன்று. தகரம் கெட்டியாக இருந்தால் தேய்ப்பதே போதும். போல்ட்டைச் சுற்றித் துரு அரித்திருந்தால் தேய்த்தாலும் அடுத்த மழைக்குள் திரும்பிவிடும்; 2.5 சதுர மில்லிமீட்டர் கறுப்பு வயர் ஒன்றை இரண்டு பக்க ஹோல்டருக்கும் பொதுவாக இழுத்து, துருப்பிடிக்காத இடத்தில் பாடியோடு முடுக்கிவிடுங்கள். பிரேக் லைட்டும் டெயில் லாம்ப்பும் சேர்ந்தே சரியாகும்.