சென் லூயிஸ் 1875: மாட்டுவதென்றால் பெரிதாக மாட்டுங்கள்

அமெரிக்காவில் இருக்கும் என் மருமகன், கண்ணாடிச் சட்டம் (பிறேம்) போட்ட படமொன்று அனுப்பியிருந்தான். அங்குள்ள சென் லூயிஸ் நகரத்தை மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்த பழைய பறவைப் பார்வைப் படம். தபாலில் வந்ததில் கண்ணாடி மூலையில் வெடித்திருந்தது. அதைக் கிளிநொச்சியிலேயே மாற்றிவிட்டேன். மாற்ற முடியாத குறை ஒன்று இருக்கிறது. முழு நகரத்தையும் ஒரு கலண்டர் அளவுக்குச் சுருக்கி அடித்திருக்கிறார்கள்.

நில அளவைத் திணைக்களத்தில் படவரைஞராக இருந்தவன் நான். இந்தச் சுருக்கலைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. மூலம் ஒரு தாள் இல்லை, 110 தாள்கள். 1875இல் இருந்த நகரத்தைக் கமில் ட்ரை வரைந்து, ரிச்சர்ட் கொம்ப்டன் 1876இல் நூலாக வெளியிட்டது. எல்லாத் தாளையும் விளிம்பு வெட்டி ஒட்டினால் ஏறத்தாழ 24 அடி நீளம், 9 அடி உயரம் வரும். விமானம் இல்லாத காலத்தில், மிசிசிப்பி ஆற்றின் கிழக்குக் கரைக்கு மேலே நின்று மேற்கே பார்க்கிற மாதிரி வரைந்திருக்கிறார்கள். நூலின் தலைப்பிலேயே 'நில அளவை' என்று போட்டுக்கொண்டதற்குத் தகுதியான வேலைதான். கட்டடங்களுக்கு இலக்கமிட்டு, எது யாருடையது என்று பட்டியலும் கொடுத்திருக்கிறார்கள். யுத்தத்துக்கு முந்திய எங்கள் ஊர்களை யாராவது இப்படி வரைந்து வைத்திருந்தால், இன்றைய காணிப் பிணக்கில் பாதி கச்சேரிக்குப் போயிருக்காது.

மருமகன் அனுப்பிய அச்சில் அந்த இலக்கம் ஒன்றையும் வாசிக்க முடியாது. பூதக்கண்ணாடி வைத்தும் பார்த்தேன், மைப்புள்ளிதான் பெரிதாகிறது.

சரி, வேறு வழி பார்த்தேன். அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் இந்தத் தாள்களை ஸ்கான் செய்து இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. பெரிய கோப்பாகவே இறக்கி, கரடிப்போக்குப் பக்கம் ஒரு கடையில் கொடுத்தேன். பெடியன் ஃபிளெக்ஸில் அடிப்போம் என்றான். ஃபிளெக்ஸ் திருவிழாவுக்கும் கண்ணீர் அஞ்சலிக்கும் சரி, மயிரிழைக் கோட்டுக்குச் சரிவராது. மினுக்கமில்லாத தடித்த கடதாசியில், ஒரு தாளை மட்டும் அடிக்கச் சொன்னேன். இப்போது யன்னல்களை எண்ணலாம்.

நான் அடித்தது தெற்குப் பக்கத்தில் லெம்ப் குடும்பத்தின் பியர் வடிசாலை இருக்கும் தாள். அடம் லெம்ப் ஜேர்மனியிலிருந்து வந்து 1838இல் சென் லூயிஸில் பலசரக்குக் கடை போட்டவர். 1840 அளவில் பியரே தொழிலாகிவிட்டது. லாகர் பியர் குளிரில் கிடந்து வாரக்கணக்கில் முதிர வேண்டும். நகரத்துக்குக் கீழே சுண்ணக்கல் குகைகள் இருந்தன. ஆற்றில் வெட்டிய பனிக்கட்டியைக் குகையில் அடுக்கி அந்தக் குளிரைப் பிடித்தார்கள். எங்கள் பனங்கள்ளு காலையில் இறக்கினால் பின்னேரமே புளித்துவிடும், தவறணைக்காரர் குகையைத் தேடி என்ன செய்வது! மகன் வில்லியம் குகைக்கு மேலேயே பெரிய வடிசாலை கட்டினார். படத்தில் தெரிவது அதுதான். குகை தெரியாது என்று தெரிந்தும் கண் கட்டடத்துக்குக் கீழே தேடுகிறது.

மருமகன் அனுப்பிய படத்தோடு லெம்ப் குடும்ப வரலாறு என்று ஒரு சிறு கையேடும் வந்தது. அதற்கு மதிப்பெண் இல்லை. 1904இல் வில்லியம், 1922இல் அதே பெயருள்ள மகன், 1949இல் இன்னொரு மகன் சாள்ஸ், மூவரும் ஒரே வீட்டில் தம்மைத் தாமே சுட்டுக்கொண்டார்கள். அதைப் பேய்க் கதையாக்கிப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார்கள். வன்னியில் இருந்துகொண்டு அதை வாசிக்க எரிச்சல்தான் வந்தது. சாவு நடந்த வீட்டுக்கெல்லாம் பேய் என்றால் நாங்கள் எங்கே குடியிருப்பது? மதுவிலக்கு வந்து வடிசாலை மூடியதும், 1922இல் அந்தப் பெரிய தொகுதி 588,500 டொலருக்கு ஒரு சப்பாத்துக் கம்பனிக்கு ஏலத்தில் போனதும் கையேட்டில் இரண்டே வரி. எனக்கு அதுதான் விரிவாக வேண்டியிருந்தது.

ஆகவே, பிறேம் போட்ட சின்னப் படத்துக்குக் காசு கொடுக்க வேண்டாம். பிடித்த ஒரு தாளை இறக்கி உள்ளூரிலேயே அடியுங்கள். முதல் தடவை என்றால் மிசிசிப்பிக்கு மேலே போட்ட ஈட்ஸ் பாலம் உள்ள தாளை எடுக்கலாம். பாலம் திறந்தது 1874இல், ட்ரை வரையும்போது அது புத்தம் புதிது. வெயில் நேரே விழும் சுவரில் மட்டும் மாட்ட வேண்டாம், எங்கள் வெயிலுக்கு மை சீக்கிரம் வெளிறிவிடும்.