டெஸ்டர் பேட்டரி செத்துவிட்டதா: உயிர்ப்பிப்பதா, மாற்றுவதா?

ட்ரான்சிஸ்டர் டெஸ்டரின் 3.7 வோல்ட் லித்தியம் பேட்டரி மீட்டரில் பூஜ்யம் காட்டினால் உடனே தூக்கிப் போடாதீர்கள். பேட்டரியோடு சேர்ந்திருக்கும் சிறு சர்க்யூட்டான பாதுகாப்பு போர்டு இணைப்பைத் துண்டித்திருக்கலாம். அதைத் தாண்டி, செல்லின் முனைகளிலேயே அளந்து பாருங்கள்.

2 வோல்ட்டுக்கு மேல் இருந்தால் உயிர்ப்பிக்கலாம். வோல்ட்டும் கரண்ட் வரம்பும் மாற்றக்கூடிய பவர் சப்ளையை 4.2 வோல்ட், 50 மில்லியாம்பியரில் வைத்து, 3 வோல்ட் தொடும்வரை பக்கத்திலேயே இருங்கள். பிறகு வழக்கமான சார்ஜர் போதும். செல் சூடானாலோ, அரை மணி நேரத்தில் 3 வோல்ட்டைத் தொடாவிட்டாலோ நிறுத்திவிடுங்கள்.

2 வோல்ட்டுக்குக் கீழே பல வாரம் கிடந்ததா? மாற்றுவதுதான் சரி. உள்ளே செம்புத் தகடு கரைந்திருக்கலாம். சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேறிடத்தில் படிந்து ஷார்ட் ஆகலாம். உப்பிய செல்லைத் தொடவே வேண்டாம். புதியதிலும் பாதுகாப்பு போர்டு இருக்கட்டும். வயர் நிறத்தை நம்பாமல் துருவத்தை மீட்டரில் பார்த்து, ஒவ்வொரு வயராகப் பற்றவையுங்கள்.