ஐசியூவிலிருந்து வீடு திரும்பிய சுகர் நோயாளிக்கு முதலில் எது: சென்சாரா, வகுப்பா, கிளினிக்கா, கையேடா?

வென்டிலேட்டரில் பத்து நாள் கிடந்து பிழைத்து வந்தவருக்கு ஏற்கெனவே சர்க்கரை நோயும் இருந்தால், வீடு திரும்பிய முதல் வாரத்திலேயே ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்ல ஆரம்பித்துவிடுவார்கள். சுகரைத் தொடர்ந்து காட்டும் சென்சாரைக் கையில் ஒட்டிக்கொள்ளச் சொல்வார் ஒருவர், சர்க்கரை நோய் வகுப்பில் சேரச் சொல்வார் இன்னொருவர், முதலில் எழுந்து நடக்கட்டும் மற்றதெல்லாம் அப்புறம் என்பார் மூன்றாமவர். டிஸ்சார்ஜ் தாளிலோ "சுகரைக் கட்டுக்குள் வைக்கவும்" என்று ஒற்றை வரி. தனித்தனியாகப் பார்த்தால் எதுவுமே தப்பில்லை, ஆனால் எல்லாவற்றையும் ஒன்றாகத் தூக்கிச் சுமக்க அந்த உடம்பிலும் தெம்பு இல்லை, கூட இருப்பவர்களிடமும் இல்லை. எதை முதலில் பிடிப்பது, எதைத் தள்ளிப்போடுவது என்று பார்க்க ஆய்வுகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் படித்தேன்.

படித்தவுடன் உறுத்திய விஷயம் ஒன்று உண்டு. சர்க்கரை நோய் சுயபராமரிப்பு ஆய்வுகளில் சேர்ந்தவர்கள் பெரும்பாலும் தாமாக நடந்து வந்து, உட்கார்ந்து பாடம் கேட்டு, வீட்டுக்குப் போய்க் குறிப்பெழுதக்கூடியவர்கள். ஐசியூவுக்குப் பிந்தைய மீட்சி பற்றிய ஆய்வுகளிலோ சர்க்கரை நோய் என்பது முதல் அட்டவணையில் "பிற நோய்கள்" என்ற தலைப்புக்குக் கீழே ஒரு எண்ணிக்கை, அவ்வளவுதான். நம் ஆள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறார்.

அவர் ஏன் வேறு மாதிரி ஆள் என்பதற்கு இரண்டு ஆய்வுகள் போதும். ஐசியூவில் இருந்த 821 பேரைச் சேர்த்த பிரெயின்-ஐசியூ ஆய்வு 2013-இல் வெளிவந்தது. மூன்று மாதம் கழித்து ஞாபகத்தையும் சிந்திக்கும் திறனையும் சோதித்தபோது 40 சதவீதம் பேரின் மதிப்பெண் மிதமான தலைக்காயம் பட்டவர்கள் வாங்கும் அளவில் இருந்தது, 26 சதவீதம் பேருக்கு லேசான அல்சைமர் நோயாளிகளின் அளவில். ஒரு வருடம் ஆனபிறகும் அந்த எண்கள் 34, 24 என்றுதான் இறங்கியிருந்தன, இதில் வயதானவர்கள் மட்டுமல்ல இளையவர்களும் உண்டு. அதே ஆண்டு பிரிட்டனில் ஐசியூ நோயாளிகளின் தொடைத் தசையை அல்ட்ராசவுண்டில் அளந்து பார்த்த ஆய்வில் பத்தே நாளில் கிட்டத்தட்ட 18 சதவீதம் கரைந்திருந்தது. இப்போது இன்சுலின் போடும் வேலையை யோசித்துப் பாருங்கள்: அளந்து, எண்ணைப் படித்து, என்ன சாப்பிடப்போகிறோம் என்று கணக்குப் போட்டு, யூனிட்டைத் திருப்பி வைத்து, குத்தி, குத்தினோம் என்பதை ஞாபகமும் வைத்துக்கொள்ள வேண்டும். நடுங்குகிற கையாலும் மங்கிய ஞாபகத்தாலும்.

சரி, முதல் போட்டி: இறுக்கிப் பிடிப்பதா, கொஞ்சம் விட்டுப் பிடிப்பதா? இந்தச் சண்டை ஐசியூவுக்குள்ளேயே இருபது வருடத்துக்கு மேல் நடந்தது. 2001-இல் பெல்ஜியத்தின் லூவன் நகரில், அறுவை சிகிச்சை ஐசியூவில் இருந்த 1548 பேரில் ஒரு பாதிக்குச் சுகரை 80-110-க்குள் இறுக்கிப் பிடித்தார்கள். ஐசியூ மரணம் 8 சதவீதத்திலிருந்து 4.6-ஆகக் குறைந்தது. உலகம் முழுக்க மருத்துவமனைகள் அதன் பின்னால் ஓடின. 2009-இல் நைஸ்-சுகர் ஆய்வு 6104 பேரை வைத்து அதையே செய்துபார்த்தது, 90 நாளில் இறுக்கிப் பிடித்த பக்கத்தில் 27.5 சதவீதம் பேர் இறந்திருந்தார்கள், 180-ஐ எல்லையாக வைத்த பக்கத்தில் 24.9. இறுக்கிப் பிடித்த பக்கத்தில் சுகர் 40-க்கு இறங்கும் ஆபத்தான நிலை 6.8 சதவீதம் பேருக்கு வந்தது, மறுபக்கத்தில் அது 0.5 மட்டுமே. அப்புறம் 2023-இல் லூவன் குழுவே 9230 பேரோடு திரும்பி வந்து, முதல் வாரத்தில் நரம்பு வழியாக உணவு ஏற்றாமல் இருந்தால் இறுக்கிப் பிடிப்பதால் ஐசியூ நாட்கள் குறைவதில்லை என்று தானே சொல்லிவிட்டது. தன் கோட்டையைத் தானே இடித்துப் பார்த்த அந்த நேர்மை எனக்குப் பிடித்திருந்தது.

ஏற்கெனவே சர்க்கரை நோய் உள்ளவர்களை மட்டும் எடுத்த லூசிட் ஆய்வு (2022) இன்னும் தளர்த்திப் பார்த்தது: 180-252 என்ற இலக்கு ஒரு பக்கம், 108-180 இன்னொரு பக்கம். சுகர் அளவுக்கு மீறி இறங்கியது தளர்ந்த பக்கத்தில் 5 சதவீதம் பேருக்கு, வழக்கமான பக்கத்தில் 18 சதவீதம் பேருக்கு. ஆனால் மரணம் குறையவில்லை, ஆகவே இதை ஒரு வெற்றிக் கதையாகச் சொல்ல முடியாது.

வீட்டுக்கு வந்தபின் நான் விட்டுப் பிடிக்கும் பக்கம்தான். காரணம் எளிது. ஐசியூவில் இன்சுலின் அளவு ஏறியதே தொற்றாலும் உடம்பின் அழுத்த ஹார்மோன்களாலும் ஸ்டீராய்டாலும்தான். தொற்று அடங்கி, ஸ்டீராய்டு குறைந்து, வாய் கசந்து சாப்பாடும் பாதியாகும்போது டிஸ்சார்ஜ் தாளில் எழுதிய அதே யூனிட்டைப் போட்டுக்கொண்டே போனால் சுகர் சரிந்துவிடும். இதில் சிறுநீரகமும் அடிபட்டிருந்தால் போட்ட இன்சுலின் உடம்பில் இன்னும் அதிக நேரம் தங்கும். பல நோய்கள் சேர்ந்து தளர்ந்திருக்கும் முதியவர்களுக்கு அமெரிக்க நீரிழிவு சங்கமே ஹெச்பிஏ1சி (மூன்று மாத சுகர் சராசரியைக் காட்டும் சோதனை) 8-க்குக் கீழே, வெறும்வயிற்றில் 90-150 என்று தளர்வாகத்தான் வைத்திருக்கிறது. அந்த மூன்று மாத சராசரியையும் இந்தச் சமயத்தில் அப்படியே நம்பக் கூடாது: ரத்தம் ஏற்றியிருந்தாலோ நிறைய ரத்தம் போயிருந்தாலோ அந்த எண் பொய் சொல்லும். எவ்வளவு குறைப்பது என்பதை டாக்டர்தான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் "இந்த அளவை எப்போது மறுபடி பார்ப்பீர்கள்?" என்று கேட்பது நம் வேலை, இரண்டு வாரம் என்று பதில் வந்தால் அதற்கு முன்பே ஒரு போன் பேச முடியுமா என்றும் கேளுங்கள்.

அடுத்தது விரல் குத்தலா, சென்சாரா. இன்சுலின் போடாத இரண்டாம் வகைக்காரர்கள் தினமும் விரல் குத்துவதால் பெரிய லாபமில்லை என்று 2017-இல் 450 பேரை வைத்துச் செய்த மானிட்டர் ஆய்வு காட்டியது, ஒரு வருட முடிவில் குத்தியவருக்கும் குத்தாதவருக்கும் ஹெச்பிஏ1சி ஏறக்குறைய ஒன்றுதான். நீண்டநேர இன்சுலின் மட்டும் போடுகிறவர்களிடம் சென்சார் ஜெயித்தது: 2021-இல் வந்த மொபைல் ஆய்வின் 175 பேரில், எட்டு மாதத்தில் ஹெச்பிஏ1சி சென்சார் பக்கம் 9.1-இலிருந்து 8.0, விரல் குத்தும் பக்கம் 9.0-இலிருந்து 8.4. வித்தியாசம் மலையளவு இல்லை, இருக்கிறது.

நம் ஆளுக்கோ நான் சென்சாரைப் பார்ப்பது ஹெச்பிஏ1சிக்காக இல்லவே இல்லை. ராத்திரி இரண்டு மணிக்குச் சுகர் இறங்கினால் அலாரம் அடிக்கிறது, அடுத்த அறையில் தூங்குகிறவரின் போனுக்கும் போகிறது, அதற்காக. குளுக்கோமீட்டருக்கு இங்கே ஒரு பலவீனம் இருக்கிறது, பலருக்குத் தெரியாது: ஐசியூவிலிருந்து வருகிறவர்களுக்கு ரத்தசோகை சகஜம், சிவப்பணு குறைவாக இருந்தால் பல மீட்டர்கள் உள்ளதைவிடக் கூடுதலாகக் காட்டும். 85 என்று காட்டி நிம்மதி தரும்போது உண்மை அதற்குக் கீழே இருக்கலாம். சென்சாரும் அரிச்சந்திரன் இல்லை. ஒட்டியிருக்கும் கையின் மேல் சாய்ந்து படுத்தால் இல்லாத சரிவைக் காட்டும், நாளின் பாதியைப் படுக்கையில் கழிக்கிறவருக்கு இது அடிக்கடி நடக்கும். சில வகைகளில் அதிக அளவு வைட்டமின் சி எண்ணை ஏற்றிக் காட்டும். ஆகவே சென்சார் இருந்தாலும் மீட்டரைத் தூக்கி எறியாதீர்கள், எண்ணும் ஆளும் பொருந்தாதபோது விரலைக் குத்திப் பார்க்கத்தான் வேண்டும். இன்சுலினோ, கிளிமிபிரைடு போல சுகரை இறக்கிவிடக்கூடிய மாத்திரையோ இல்லாமல் மெட்பார்மின் மட்டும் என்றால் சென்சாருக்குச் செலவழிக்க நான் சொல்ல மாட்டேன்.

மூன்றாவது, வகுப்பு. இதை நான் நேசிக்கிறேன், ஆனால் இப்போது வேண்டாம் என்கிறேன். பிரிட்டனின் டெஸ்மண்ட் ஆய்வு (2008) புதிதாக நோய் கண்ட 824 பேருக்கு மொத்தம் ஆறு மணி நேரக் குழு வகுப்பு நடத்தியது. ஒரு வருடத்தில் ஹெச்பிஏ1சி இரு பக்கமும் இறங்கியது, வகுப்புக்குப் போனவர்களுக்குத் தனி லாபம் என்று அதில் சொல்ல முடியவில்லை. ஆனால் எடை கூடுதலாகக் குறைந்தது, மனச்சோர்வு குறைந்தது, நோயைப் பற்றிய புரிதல் மாறியது. 2002-இல் பல ஆய்வுகளைத் திரட்டிய ஒரு அலசல், ஹெச்பிஏ1சி ஒரு புள்ளி குறைய சுமார் 23.6 மணி நேரம் கற்பித்தல் தேவை என்று கணக்குப் போட்டது, ஆரம்பத்தில் 0.76 புள்ளி இறங்கியது சில மாதத்தில் 0.26-ஆகத் தேய்ந்ததையும் அதுவே சொன்னது. தெளிந்த தலைக்கே இவ்வளவு மணி நேரம் என்றால், நேற்று யார் வந்து பார்த்தார்கள் என்பதையே மறக்கிறவர் அதிலிருந்து என்ன எடுத்துக்கொள்வார்? அதோடு வகுப்பில் சொல்லும் பாதி விஷயம் எடையைக் குறைப்பது பற்றி. தசை கரைந்து வந்திருப்பவருக்கு இப்போது வேண்டியது புரதமும் எடையும். அதே பாடத்தை முதல் மூன்று மாதம் கூட இருந்து பார்த்துக்கொள்கிறவர் கேட்டால் நான் கைதட்டுவேன். ஊசி போடப்போவது யாரோ அவருக்குத்தான் பாடம்.

மீட்சிப் பக்கத்தில் பெயர்கள் பெரிது, பலன் சிறிது. நர்ஸ் நடத்தும் ஐசியூ பின்தொடர்தல் கிளினிக்கைச் சோதித்த பிராக்டிகல் ஆய்வில் (2009) 286 பேர் இருந்தார்கள், ஒரு வருடத்தில் வாழ்க்கைத் தரம் மாறவில்லை, செலவு மட்டும் கூடியது. எடின்பரோவில் 240 பேருக்கு வார்டிலேயே கூடுதல் உடற்பயிற்சியும் உணவு ஆலோசனையும் கொடுத்த ரெக்கவர் ஆய்விலும் (2015) நடமாட்டம் மேம்படவில்லை, நோயாளிகளின் திருப்தி மட்டும் கூடியது. இந்தக் கூட்டத்தில் ஒரு சின்ன, பழைய ஆய்வு மட்டும் தலை நிமிர்ந்து நிற்கிறது: 2003-இல் 126 பேரை வைத்து, ஆறு வாரத்துக்கான பயிற்சிக் கையேட்டைக் கொடுத்துப் பார்த்தார்கள். கிளினிக்கும் போன் விசாரிப்பும் இரண்டு பக்கத்துக்கும் ஒன்றுதான், கையேடு மட்டும்தான் வித்தியாசம். எட்டு வாரத்திலும் ஆறு மாதத்திலும் கையேட்டுக்காரர்களின் உடல்திறன் மேலே இருந்தது. சின்ன ஆய்வுதான், நானும் அதன் மேல் மாளிகை கட்டப்போவதில்லை. ஆனால் மலிவு, பாதகம் குறைவு, அன்றன்றைக்கு என்ன செய்வது என்று எழுதியே இருப்பதால் ஞாபகத்தை நம்ப வேண்டியதில்லை.

நடக்க வைத்தால் எல்லாம் சரியாகும் என்கிற மூன்றாமவருக்கு ஒரு வார்த்தை. ஐசியூவுக்குள்ளேயே சீக்கிரம் எழுப்பி உட்காரவைத்த 2009 ஆய்வில் 59 சதவீதம் பேர் தம் வேலையைத் தாமே செய்யும் நிலைக்குத் திரும்பினார்கள், மற்றவர்களில் 35. 104 பேர்தான். 2022-இல் 750 பேரோடு வந்த டீம் ஆய்வு, பயிற்சியின் அளவை இன்னும் ஏற்றினால் லாபமில்லை, பாதகச் சம்பவங்கள் 4.1-இலிருந்து 9.2 சதவீதமாகக் கூடின என்றது. அதில் சர்க்கரை நோயாளிகளைத் தனியே பிரித்துப் பார்த்த பின்னலசலில் (ஆய்வு முடிந்தபின் அதன் தரவை மறுபடி அலசுவது), தீவிரப் பயிற்சி பெற்றவர்களிடம் மரணம் கூடுதலாக இருந்தது. பின்னலசல் என்பதால் தீர்ப்பாக எடுக்க முடியாது, அது ஐசியூவுக்குள் நடந்தது, வீட்டில் அல்ல. இருந்தாலும் சுகர் இறங்கக்கூடிய மருந்து எடுப்பவரை, சாப்பிட்டாரா இல்லையா என்று கேட்காமல் பயிற்சிக்கு எழுப்புவதற்கு முன் ஒரு நிமிடம் நின்று அளந்து பாருங்கள்.

என் வரிசை இப்படி: இன்சுலின் அளவைச் சீக்கிரம் மறுபரிசீலனை செய்து தளர்ந்த இலக்கு, இன்சுலின் போடுகிறவர் என்றால் முதல் சில வாரத்துக்காவது சென்சார், சுவரில் ஒட்டிய பயிற்சித்தாள், பார்த்துக்கொள்கிறவருக்குப் பாடம். கிளினிக் இருந்தால் போங்கள், இல்லையென்று ஏங்க வேண்டாம். நோயாளிக்கான வகுப்பு கடைசியில். அதற்கு நேரம் வந்துவிட்டதா என்று பார்க்க என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் இருக்கிறது: நேற்று ராத்திரி எத்தனை யூனிட் போட்டீர்கள் என்று கேட்கும்போது, பக்கத்தில் இருப்பவர் முகத்தைப் பார்க்காமல் பதில் சொல்கிறாரா?