யூதச் சிறுமியின் கையில் முதலில் எந்தப் புத்தகம்?

வெள்ளிக்கிழமை பொழுது சாய்வதோடு ஓய்வுநாள் தொடங்கிவிடும். அதை முறையாகக் கடைப்பிடிக்கும் யூத வீடுகளில் அதன் பிறகு சுமார் 25 மணி நேரத்துக்கு டிவி இல்லை, போன் இல்லை, விளக்கு சுவிட்சைக்கூடத் தொட மாட்டார்கள். சாப்பாடு, தொழுகை, தூக்கம் எல்லாம் போக மிச்சமிருக்கும் நீண்ட மதியத்தில் பிள்ளைகளுக்குத் துணை புத்தகம்தான். அதனால் "என் பெண்ணுக்கு அடுத்து எதைக் கொடுக்கலாம்?" என்று ஒரு அமெரிக்க யூத அம்மா இன்னொரு அம்மாவிடம் கேட்பது வாராவாரம் வரும் தேவை.

இந்தப் பழக்கம் நேற்று வந்ததும் இல்லை. வேதக் கதைகளை, கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் பேச்சுமொழியான இத்திஷில் சொல்லும் 'த்செனெ-ரெனெ' என்ற நூல் 400 ஆண்டுகளாகக் கிழக்கு ஐரோப்பிய யூதப் பெண்களின் ஓய்வுநாள் வாசிப்பாக இருந்தது. வேதத்தின் மொழியான எபிரேயம் கற்க வாய்ப்பில்லாத அம்மாக்கள் அதைப் பெண் பிள்ளைகளுக்கு வாசித்துக் காட்டினார்கள். நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய பதிப்பு 1622-இல் அச்சானது. அதற்குப் பின் 200-க்கும் மேற்பட்ட பதிப்புகள் வந்தன.

இன்று எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒரு சிறுமிக்கு என்று கேட்டால் மூன்று பெயர்கள் திரும்பத் திரும்ப வரும். சிட்னி டெய்லரின் 'ஆல் ஆஃப் எ கைண்ட் ஃபேமிலி', லோயிஸ் லோரியின் 'நம்பர் தி ஸ்டார்ஸ்', ஆன் ஃபிராங்கின் டைரி. மூன்றும் நல்ல புத்தகங்கள். ஆனால் எது முதலில் என்பதில் அம்மாக்களுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு உண்டு. யூதராக இருப்பது என்றால் என்ன என்பதை அந்தப் பிள்ளை எந்தக் கதை வழியாக முதலில் அறிகிறாள் என்பதே இங்கே தீர்மானமாகிறது.

முதல் புத்தகத்திலிருந்து வருகிறேன். 1951-இல் வந்தது. 1912-ஆம் ஆண்டு நியூயார்க்கின் லோயர் ஈஸ்ட் சைடில் வாழும் ஏழைக் குடும்பம். அப்பா பழைய சாமான் வியாபாரி, வீட்டில் ஐந்து பெண்கள். டெய்லர் தன் சொந்தச் சிறுவயதைத்தான் எழுதினார். கதைகளில் வருகிறவர்கள் எப்போதும் கிறிஸ்தவப் பிள்ளைகளாகவே இருக்கிறார்களே என்று மகள் ஜோ கேட்க, தூங்கும் நேரத்தில் அவளுக்குச் சொல்லத் தொடங்கிய கதைகள் இவை. எழுதி வைத்திருந்ததைக் கணவர் அவருக்குத் தெரியாமலே ஒரு பதிப்பகத்தின் போட்டிக்கு அனுப்ப, பரிசும் கிடைத்துப் புத்தகமும் வந்தது. ஒரு அம்மா தன் மகளுக்காகத் தேடிக் கிடைக்காததைத் தானே உருவாக்கிய கதை என்பதால் அம்மாக்கள் இதைக் கைமாற்றும்போது ஒரு தனி உரிமையோடு கைமாற்றுகிறார்கள்.

இதில் பெரிய ஆபத்து எதுவும் நிகழாது. நூலகப் புத்தகம் ஒன்று தொலைந்துபோக, பயந்து நடுங்கும் சாரா அதன் விலையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கட்ட நூலகர் அனுமதிக்கிறார். தூசி துடைக்கச் சலித்துக்கொள்ளும் பெண்களுக்காக அம்மா வரவேற்பறையில் பொத்தான்களை ஒளித்துவைத்துத் தேடச் சொல்கிறார். பஸ்கா நேரத்தில் பிள்ளைகளுக்கு ஸ்கார்லெட் காய்ச்சல் வந்து வீட்டுக்குள் யாரும் வரக்கூடாது என்றாகிறது, பண்டிகை அப்படியும் நடக்கிறது. பூரீம், கூடாரப் பண்டிகை, வெள்ளிக்கிழமைச் சந்தை என்று ஒரு முழு யூத ஆண்டு கதையோடு கதையாக ஓடுகிறது. யூதர் அல்லாத வாசகியும் பிடித்துக்கொள்ளும்படி டெய்லர் பண்டிகைகளை விளக்கியிருக்கிறார், ஆனால் பாடம் நடத்தவில்லை. இதைச் செய்வது எவ்வளவு கடினம் என்று குழந்தைகளுக்கு எழுதிப் பார்த்தவர்களுக்குத் தெரியும்.

குறைகளும் உண்டு. கடைசியில் ஆண் குழந்தை பிறந்ததும் வீடே கொண்டாடுவது இன்றைய பெண் பிள்ளைக்கு உறுத்தும்; ஐந்து பெண்கள் போதாதா என்று அவள் கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. கிழக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த யூதர்களின் உலகம் மட்டும்தான் இதில் இருக்கிறது. ஈராக், மொராக்கோ, ஏமன் வழி வந்த குடும்பத்துப் பெண் தன் பாட்டி வீட்டை இதில் தேடினால் கிடைக்காது. வேகமான கதைக்குப் பழகிய பிள்ளைகளுக்கு முதல் இரண்டு அத்தியாயங்கள் மெதுவாகத் தோன்றும்.

'நம்பர் தி ஸ்டார்ஸ்' இதற்கு நேர் எதிர். மெல்லிய புத்தகம், கீழே வைக்க முடியாது. 1943-இல் நாஜி ஜெர்மானியர் பிடியில் இருக்கும் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகன். யூதர்களைப் பிடித்துச் செல்லப்போகிறார்கள் என்ற செய்தி கசிகிறது. பத்து வயது ஆன்னமரியின் வீட்டில் அவள் தோழி எல்லன் மகள்போல ஒளிந்திருக்கிறாள். நள்ளிரவில் சிப்பாய்கள் நுழையும்போது யூதர் என்று காட்டிக்கொடுக்கும், எல்லனின் கழுத்தில் கிடக்கும் தாவீதின் நட்சத்திரத்தை ஆன்னமரி அறுத்தெடுத்துக் கைக்குள் மறைக்கும் இடம், படித்த எவருக்கும் மறக்காது. 1989-இல் வந்து, அடுத்த ஆண்டே சிறார் இலக்கியத்துக்கான அமெரிக்காவின் நியூபெரி விருது பெற்றது.

வரலாறும் சரியாகவே இருக்கிறது. அந்த அக்டோபரில் 7,000-க்கும் மேற்பட்ட யூதர்களை டென்மார்க் மக்கள் படகுகளில் ஸ்வீடனுக்குக் கடத்திக் காப்பாற்றினார்கள். மோப்ப நாய்களின் மூக்கை மரத்துப்போகச் செய்யும் மருந்து தடவிய கைக்குட்டை கற்பனைபோலத் தோன்றும், அதுவும் நடந்ததுதான்.

இதை முதலில் கொடுக்கச் சொல்லும் அம்மாக்களின் வாதத்தை லேசாகத் தள்ள முடியாது. அமெரிக்கப் பள்ளிகளில் நான்காம், ஐந்தாம் வகுப்பிலேயே இந்தப் புத்தகத்தைப் பல ஆசிரியர்கள் வைக்கிறார்கள். வகுப்பில் ஒரே யூதப் பிள்ளையாக உட்கார்ந்து, எல்லோரும் தன்னைத் திரும்பிப் பார்க்க, இதையெல்லாம் முதன்முறையாகக் கேட்பதைவிட வீட்டில் அம்மா மடியில் கேட்பது மேல் என்கிறார்கள். எனக்கும் அது சரியென்றே படுகிறது.

ஆனாலும் இரண்டு விஷயங்கள் என்னைத் தயங்க வைக்கின்றன. ஒன்று, இதில் துணிச்சல் முழுக்க ஆன்னமரியுடையது. எல்லன் ஒளிகிறாள், அழுகிறாள், காப்பாற்றப்படுகிறாள். யூதச் சிறுமி படிக்கும் முதல் யூதக் கதாபாத்திரம் இன்னொருத்தியின் வீரத்துக்குக் காரணமாக மட்டும் நிற்பது போதாது. இரண்டு, டென்மார்க் ஒரு விதிவிலக்கு. அங்கே பிடிபட்டவர்கள் சுமார் 470 பேர். போலந்தில் போருக்கு முன் இருந்த சுமார் 33 லட்சம் யூதர்களில் 30 லட்சம் பேர் கொல்லப்பட்டார்கள். அக்கம்பக்கத்தார் கதவைத் திறந்துவிட்டார்கள் என்பதை மட்டும் முதலில் கேட்ட பிள்ளை பிறகு மற்றதையும் கேட்டாக வேண்டும், அதற்கு அம்மா தயாராக இருக்க வேண்டும்.

மூன்றாவது, ஆன் ஃபிராங்கின் டைரி. 13-வது பிறந்தநாளான 1942 ஜூன் 12 அன்று அவளுக்குக் கிடைத்த நோட்டு. அடுத்த மாதமே குடும்பம் ஒளிந்துகொள்கிறது. 1944 ஆகஸ்ட் 4-இல் பிடிபடுகிறார்கள். அவள் வாழ்ந்த நெதர்லாந்திலிருந்த சுமார் 1,40,000 யூதர்களில் முக்கால்வாசிப் பேர் உயிர் பிழைக்கவில்லை. டென்மார்க் கதைக்குப் பக்கத்தில் இதை வைத்துப் படித்தால்தான் இரண்டுமே முழுதாகப் புரியும்.

இந்த மூன்றில் இதுதான் ஆகப் பெரிய எழுத்து, சந்தேகமே இல்லை. எல்லனிடம் இல்லாதது எல்லாம் ஆனிடம் இருக்கிறது: கோபம், கேலி, தற்பெருமை, காதல், எழுத்தாளராக வேண்டும் என்ற வெறி. பத்து வயதில் கொடுத்துவிடலாம் என்று சிலர் சொல்லும்போது நான் ஒத்துக்கொள்வதில்லை. பயம் காரணமல்ல. டைரி அவர்கள் ஒளிந்திருந்த மேல்மாடியிலேயே நின்றுவிடுகிறது, கொடூரம் அதற்கு வெளியேதான் நடக்கிறது. ஆனால் அது பதின்வயதுப் பெண்ணின் மனம். அந்த வயதை எட்டாத பிள்ளை பாதிப் பக்கங்களைத் தாண்டிப் போய்விடுவாள், பிறகு ஏற்கனவே படித்தாயிற்று என்று திரும்ப எடுக்கவும் மாட்டாள்.

அம்மாக்களுக்கு இதில் வேறொரு சங்கடமும் இருக்கிறது. ஆன் தன் அம்மா எடித்தைப் பற்றிக் கடுமையாக எழுதியிருக்கிறாள். 1947-இல் முதலில் அச்சிட்டபோது அப்படிப்பட்ட சில பகுதிகளை அப்பா ஓட்டோ நீக்கினார். அவற்றில் பெரும்பகுதி பிற்காலப் பதிப்புகளில் திரும்பச் சேர்ந்தது, ஆங்கிலத்தில் 1995-இல். நீக்கிய பதிப்பே போதும் என்று சில அம்மாக்கள் பரிந்துரைக்கிறார்கள். நான் முழுப் பதிப்பைத்தான் சொல்வேன். எடித் 1945 ஜனவரியில் ஆஷ்விட்ஸ் வதைமுகாமில் இறந்தார். மகள் பார்த்த அம்மாவும் அந்த அம்மாவின் முடிவும் சேர்ந்து தெரிந்தால் ஒரு 13 வயதுப் பெண்ணும் அவள் அம்மாவும் உட்கார்ந்து பேச நிறைய இருக்கும்.

எந்த நாளில் கொடுப்பது என்பதையும் யோசிக்க வேண்டும். ஓய்வுநாள் மகிழ்ச்சியின் நாள், அன்று துயரம் தரும் வாசிப்பு கூடாது என்று மரபைப் பின்பற்றும் வீடுகளில் கருதுகிறார்கள். அதனால் யூத இன அழிப்பு பற்றிய புத்தகங்களை வாரநாளுக்கோ, எருசலேம் ஆலயம் அழிந்ததற்காக உபவாசம் இருக்கும், யூத நாட்காட்டியின் ஆவ் மாத 9-ஆம் நாளுக்கோ ஒதுக்கிவைப்பவர்கள் உண்டு. இந்தக் கணக்கிலும் ஓய்வுநாள் மதியத்துக்கு ஏற்றது டெய்லரின் புத்தகம்தான்.

யூத இன அழிப்பை வைத்து எழுதப்பட்ட 'தி பாய் இன் தி ஸ்ட்ரைப்ட் பஜாமாஸ்' நாவலின் பெயரையும் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். இந்த வரலாற்றைக் கற்பவர்களும் கற்பிப்பவர்களும் அதைத் தவிர்க்க வேண்டும் என்று ஆஷ்விட்ஸ் நினைவகமே 2020-இல் சொல்லிவிட்டது.

ஆக என் வரிசை இது: எட்டு வயதில் டெய்லர், பத்து அல்லது பதினொன்றில் லோரி, பதின்மூன்றில் ஆன். கொல்லப்பட்டவர்கள் எப்படி வாழ்ந்தார்கள், எதைச் சாப்பிட்டார்கள், எதற்குச் சிரித்தார்கள் என்று தெரிந்த பிள்ளைக்குத்தான் எது அழிந்தது என்று புரியும். பள்ளி முந்திக்கொண்டு மூன்றாம் வகுப்பிலேயே லோரியைக் கொடுத்துவிட்டால் தடுக்க வேண்டாம். பிள்ளையோடு சேர்ந்து நீங்களும் படியுங்கள். அந்த வாரமே டெய்லரின் புத்தகத்தையும் நூலகத்திலிருந்து எடுத்து வந்துவிடுங்கள். அப்புறம், வீட்டில் இருப்பது பையன் என்றாலும் இதே வரிசைதான். ஐந்து பெண்களின் கதை என்று அவனுக்கு அதை மறுக்க எந்தக் காரணமும் இல்லை.