ஐவிஎஃப் ஊசியைத் "தெரிந்தவர்" மூலம் வாங்கினேன், நீங்கள் வாங்காதீர்கள்

கடலூர், பாண்டி பக்கம் குழந்தைக்காகச் சிகிச்சை எடுப்பவர்கள் இதைக் கொஞ்சம் படித்துவிடுங்கள். முக்கியமாக, ஊசி மருந்தை வாங்கி வந்து வீட்டிலேயே போட்டுக்கொள்பவர்கள்.

எங்களுக்குக் கல்யாணமாகி ஏழு வருடம். வீடு மஞ்சக்குப்பத்தில், சிகிச்சை பாண்டியில். சென்டரைத் தேர்ந்தெடுக்கும்போது நான் அவ்வளவு உஷாராக இருந்தேன். 2021-ல் வந்த சட்டப்படி இந்த மாதிரி சென்டர்கள் பதிவு வாங்கியிருக்க வேண்டும், சான்றிதழைக் கண்ணில் படும்படி மாட்டவும் வேண்டும். ரிசப்ஷனில் நின்று அதில் எந்தத் தேதி வரைக்கும் செல்லும் என்றுகூடப் பார்த்தேன். அதெல்லாம் பார்த்துவிட்டு மருந்தில் போய் ஏமாந்தேன்.

டாக்டர் எழுதியது எஃப்.எஸ்.எச். ஊசி, அதாவது கருமுட்டைகளை வளர வைக்கிற ஹார்மோன், தினமும் 225 யூனிட். பீரியட்ஸ் வந்த இரண்டாம் நாள் தொடங்கி ஏறக்குறைய பத்து நாள். மருந்து நிரப்பி பேனா வடிவில் வரும் ஊசி இது. 900 யூனிட் பேனா இரண்டு, 450 ஒன்று. முட்டை முன்கூட்டியே வெடித்துவிடாமல் இருக்க நடுவில் சேர்க்கிற ஊசி ஐந்து. சென்டர் மருந்துக் கடையில் எல்லாம் சேர்த்து 58 ஆயிரம் சொன்னார்கள். ஸ்கேனுக்கு உட்கார்ந்திருந்தபோது பக்கத்திலிருந்த பெண் ஒரு நம்பர் கொடுத்தார். அவர் மேல் எனக்குக் கோபமில்லை, நல்லது செய்வதாக நினைத்துத்தான் கொடுத்தார்.

அந்த நம்பரில் பேசியவன் சொன்னது: "அக்கா, அதே கம்பெனி, அதே பேனா, 43-க்குத் தரேன். பாண்டியில டேக்ஸ் கம்மி, பில் போடலைன்னா இன்னும் கம்மி. கடலூருக்கே கொண்டாந்து தரேன்."

பெட்ரோல் போடுவதற்கே எல்லை தாண்டுகிற ஊர் நம்முடையது. பாண்டி என்றால் எதுவும் மலிவு என்று ரத்தத்தில் ஊறிக் கிடக்கிறது. அதனால் எனக்குத் துளி சந்தேகம் வரவில்லை. மருந்து அட்டையில் அச்சடித்த எம்ஆர்பி எல்லா வரியும் சேர்ந்ததுதான், அதற்கு மேல் வரி என்று எதுவும் கிடையாது என்பது அப்போது மண்டையில் ஏறவில்லை. 15 ஆயிரம் மிச்சம் என்பதுதான் ஏறியது. கூகுள் பேயில் பணம் அனுப்பினேன். கணக்கில் ஒரு பெண் பெயர் வந்தது. "என் ஒய்ஃப்தான் அக்கா" என்றான். சரி என்று விட்டுவிட்டேன்.

மே மாதம், மதியம் இரண்டே கால் மணி. பைக் டேங்க் கவரில் இருந்து ஒரு துணிக்கடை கட்டைப்பையை எடுத்து நீட்டினான். உள்ளே சின்ன தெர்மாகோல் டப்பா, மூடி சரியாக உட்காராமல் ரப்பர் பேண்டு போட்டிருந்தது. அதற்குள் ஐஸ் ஜெல் பாக்கெட் ஒன்று. பெயருக்குத்தான் ஐஸ். தொட்டால் வெதுவெதுவென்று, வெயிலில் கிடந்த தண்ணீர்ப் பாக்கெட் மாதிரி இருந்தது. கேட்டேன். "அரை மணி நேரம்தான் வெளிய இருந்துச்சுக்கா, ஃப்ரிட்ஜ்ல வச்சா சரியாயிடும்."

சரியாகாது. இந்த ஹார்மோன் ஒரு புரதம். சூட்டில் கெட்டுப்போனால் திரும்பக் குளிர வைத்தாலும் பழைய நிலைக்கு வராது. கெட்டுப்போனது பார்வைக்கும் தெரியாது, தண்ணீர் மாதிரி தெளிவாகவே இருக்கலாம். அட்டையில் 2 முதல் 8 டிகிரி என்று போட்டிருந்தது. சில பேனாக்களைக் கொஞ்ச காலம் 25 டிகிரி வரை வெளியே வைக்கலாம் என்று உள்ளே இருக்கிற தாளில் எழுதியிருக்கும். கடலூர் மே மாத வெயிலில் பைக் டேங்க் மேல் 25 டிகிரி எங்கே இருக்கப் போகிறது?

இதெல்லாம் இப்போது பேசுகிறேன். அன்றைக்கு வாங்கி, எவர்சில்வர் டிபன் டப்பாவுக்குள் போட்டு, ஃப்ரிட்ஜ் நடுத்தட்டில் ஒளித்து வைத்தேன். கதவுப் பக்கம் வைத்தால் திறந்து மூடும்போது சூடு ஏறும், ஃப்ரீசரை ஒட்டி வைத்தால் உறைந்து வீணாகும் என்று நர்ஸ் சொல்லியிருந்தார். அத்தை கேட்டதற்கு வைட்டமின் ஊசி என்றேன். மீன் குழம்புச் சட்டிக்குப் பக்கத்தில் எங்கள் 43 ஆயிரம் உட்கார்ந்திருந்தது.

வீட்டுக்காரருக்கு சிப்காட்டில் ஷிப்டு வேலை என்பதால் நானே போடக் கற்றுக்கொண்டேன். ராத்திரி எட்டு மணி, தொப்புளிலிருந்து இரண்டு விரல் தள்ளி, ஒரு நாள் இடது, ஒரு நாள் வலது. ஒரு நாள்கூட நேரம் தப்பவில்லை.

ஐந்து ஊசி முடிந்து ஸ்கேன். எந்த ஃபாலிக்கிளும், அதாவது முட்டை வளர்கிற பையும், 8 மில்லிமீட்டரைத் தாண்டவில்லை. டோஸை 300 ஆக்கினார்கள். மூன்று நாள் கழித்துப் பார்த்தாலும் அப்படியே. முட்டை வளர வளர ரத்தத்தில் ஏற வேண்டிய எஸ்ட்ரடயால் ஹார்மோனும் ஏறவில்லை. டாக்டர் மருந்து அட்டைகளைக் கொண்டுவரச் சொன்னார். போட்ட தேதியை அட்டையிலேயே எழுதி வைக்கும் பழக்கத்தால் எதையும் எறியாமல் வைத்திருந்தேன். அவர் அட்டையையும் பேனாவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். அட்டையில் ஒரு பேட்ச் எண், உள்ளே இருந்த பேனாவில் வேறு எண். 900 யூனிட் பேனா இரண்டிலுமே அப்படித்தான். சைக்கிள் கேன்சல், அந்த மாதச் சிகிச்சையே பாதியில் நின்றது.

மருந்துதான் காரணம் என்று டாக்டர் அடித்துச் சொல்லவில்லை. சிலருக்கு உடம்பே மெதுவாக எதிர்வினை காட்டும் என்றார். நியாயம்தான். ஆனால் இரண்டு மாதம் கழித்து, பில் போட்டு வாங்கிய மருந்தில், அதே 225 யூனிட்டில், அதே ஐந்து ஊசி முடிந்த ஸ்கேனில் 11, 12 மில்லிமீட்டர் என்று ஏழெட்டு தெரிந்தது. மிச்சத்தை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள்.

அவனுக்குப் போன் போட்டேன். "உங்க உடம்பு வாகு அப்படிக்கா, மருந்து என்ன பண்ணும்?" என்றான். பணம் போனதைவிட இதுதான் பல நாள் தூங்கவிடவில்லை. அடுத்த போனுக்கு பிளாக் செய்துவிட்டான். 1915 நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் முதல் கேள்வியே பில் இருக்கிறதா என்பதுதான். என்னிடம் இருந்தது வாட்ஸாப் பேச்சும், கூகுள் பே ஸ்கிரீன்ஷாட்டும், நடுவில் சேர்க்க வாங்கி, போடாமல் மிஞ்சிய அந்த ஐந்து ஊசியும். அதையெல்லாம் வைத்து மருந்து ஆய்வாளருக்குப் புகார் எழுதிக் கொடுத்திருக்கிறேன்.

இப்போதெல்லாம் மருந்து வாங்கப் போனால் கையோடு ஐஸ் பாக்ஸ் கொண்டுபோகிறேன். பில்லில் இருக்கிற பேட்ச் எண், அட்டை, பேனா மூன்றையும் கவுண்டரிலேயே ஒப்பிட்டு போட்டோ எடுத்த பிறகுதான் பணம். கடைக்காரர் முகம் சுளித்தால் சுளிக்கட்டும். பாண்டியிலிருந்து கடலூருக்கு பஸ்ஸில் ஒரு மணி நேரம், ஐஸ் பாக்ஸை மடியில்தான் வைத்துக்கொள்கிறேன்.

இந்த ஆளின் வாட்ஸாப் படம் ஒரு பிள்ளையார். பேச்சுக்குப் பேச்சு அக்கா என்பான். "பாண்டியில டேக்ஸ் கம்மி" என்று தொடங்குவான். இப்படி யாரிடமாவது வாங்கியிருந்தால், காலிப் பேனாவையும் அட்டையையும் குப்பையில் போடாதீர்கள். எண்ணை ஒப்பிட்டுப் பாருங்கள். மாறியிருந்தால் நீங்களும் ஒரு புகார் கொடுங்கள், நான் ஒருத்தி மட்டும் கொடுத்ததாக இருக்க வேண்டாம்.