நெட் பெட்டியில எல்ஓஎஸ் விளக்கு சிவப்பா எரியுதா? பெட்டிக்குப் பணம் கொடுத்துராதீங்க: எங்களுக்கு 3,200 ரூபாய் போச்சு

மதுரை ஆனையூர்ப் பக்கம் ஃபைபர் நெட் வச்சிருக்கவங்க உஷாரா இருங்க. நல்லா இருந்த நெட் பெட்டியை (மோடத்தை) கெட்டுப்போச்சுன்னு சொல்லி, எங்க அம்மாகிட்ட 3,200 ரூபாய் வாங்கிட்டுப் போயிட்டான் ஒருத்தன். வந்தது பெரிய கம்பெனி ஆளு.

எல்ஓஎஸ் சிவப்பா எரிஞ்சா, ஃபைபர் ஒயர்ல நெட்டைக் கொண்டு வர்ற வெளிச்சம் பெட்டிக்கு வந்து சேரலைன்னு அர்த்தம். முதல்ல பார்க்க வேண்டியது ஒயரையும் பச்சை கனெக்டரையும். அந்த வெளிச்சத்தை அளக்குற பவர் மீட்டரை ஒயர்ல சொருகினா நிமிஷத்துல தெரிஞ்சிரும். மைனஸ் 15லிருந்து மைனஸ் 25 டிபிஎம்முக்குள்ள (வெளிச்சத்தோட அளவு) காட்டினா லைன் நல்லாருக்கு. மைனஸ் 27ஐத் தாண்டிக் கீழ போனா நெட் திணறும். ஒண்ணுமே காட்டலைன்னா எத்தனை பெட்டி மாத்தினாலும் நெட் வராது.

வந்தவன்கிட்ட மீட்டரே இல்லை. கழுத்துல அடையாள அட்டை, போன்ல கம்பெனி ஆப், அதுல எங்க புகார் நம்பர். வயசானவங்க அதுக்கு மேல எதைச் சரிபார்க்கிறது? "பெட்டி போயிருச்சும்மா, புதுசு போட்டா இப்பவே வந்துரும்"னிருக்கான். 3,200 ரூபாயும் அவனோட சொந்த ஜிபே நம்பருக்குப் போச்சு. ரசீது மெசேஜ்ல வருமாம்!

போற போக்குல பழைய கனெக்டரை வெட்டிட்டுப் புதுசு மாட்டியிருக்கான். நெட் வந்தது அதனாலதான். பழைய பெட்டியை அதே ஒயர்ல சொருகிப் பார்த்தா சிவப்பு எரியலை. கம்பெனியோட இணைப்பைக் காட்டுற பான் விளக்கு மட்டும் மினுக்குது, கம்பெனியில புதுப் பெட்டியோட சீரியல் நம்பரை ஏத்திட்டதால. அந்த கனெக்டர் நூறு ரூபாய்கூடப் பெறாது.

கஸ்டமர் கேர்ல கேட்டா "ரவுட்டரை ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க சார்". பணம் போன கதையைச் சொன்னா அவங்க படிக்கிற தாள்ல அதுக்குப் பதில் இல்லை. ஏரியா ஆபீஸ்ல "அந்தப் பையன் சப் கான்ட்ராக்ட், எங்க ஆளு இல்லை". புகார் 'தீர்க்கப்பட்டது'ன்னு மூடியாச்சு, அம்மாகிட்ட ஓடிபி வாங்கிட்டுத்தான் போயிருக்கான்ல. ஒரு புகாருக்கு இவ்வளவுன்னு கூலி பேசி, மீட்டர்கூடக் கொடுக்காம, ஃபைபர் முனையைச் சீராக வெட்டி ஸ்பிரிட் போட்டுத் துடைக்கக்கூடச் சொல்லித்தராம அனுப்பினா இதுதான் நடக்கும். அரைகுறையா மாட்டின கனெக்டர் மறுபடி நழுவும், மறுபடி ஒருத்தன் வருவான்.

விவரமா எழுதத்தான் உக்காந்தேன், ஆத்திரத்துல வரலை. மீட்டர் ரீடிங்கைக் காட்டச் சொல்லுங்க. பணம் கம்பெனி ஆப்லயே கட்டுங்க. நெட் ஓடாம ஓடிபி சொல்லாதீங்க. புகார் நம்பரை எழுதி வைங்க, அது இருந்தாத்தான் கம்பெனியோட மேல்முறையீட்டுக்குப் போக முடியும். அங்கயும் கைவிரிச்சா நுகர்வோர் உதவி எண் 1915. டிராய் (தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையம்) தனி ஆள் புகாரை விசாரிக்காது, அங்க அலையாதீங்க. பழைய பெட்டியைக் கேட்டா கொடுத்துராதீங்க, 3,200 ரூபாய்க்கு அதுதான் சாட்சி.